இந்த மூட்டையில் சிப்பி இல்லை

அன்பு மகள் யாதிராவுக்கு,

நானும் அப்பாவும் சுகம். கீத்தோ நகரத்து மலைக்குளிரில் நீயும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே கைபேசிக் கோபுரம் இன்னும் சரியாகவில்லை, அதனால் பேருந்தில் அனுப்பும் மூட்டையிலேயே கடிதத்தையும் வைக்கிறேன். திறந்ததும் கருஞ்சிப்பியைத் தேடியிருப்பாய். வாழைக்காயும் தேங்காயும்தான் இருக்கின்றன. கோபப்படாமல் படி.

நம் சிப்பி பொறுக்குவோர் சங்கத்துச் சிப்பியைச் சோதனைக்கு எடுத்துப் போனார்கள் அல்லவா, முடிவு வந்துவிட்டது. ஈயமும் பாதரசமும் அளவுக்கு மேல் இருக்கின்றன. ஆற்றின் மேற்பக்கம் தங்கம் அரிப்பவர்கள் விடும் கழிவு நாம் சிப்பி பொறுக்கும் அலையாத்திக் காட்டுச் சேற்றில் வந்து படிகிறதாம். நர்ஸ் மிர்தா எங்களைக் கூட்டிவைத்துச் சொன்னபோது சொய்லா அத்தை எழுந்து, "நாங்க என்ன அப்படியேவா அனுப்புறோம்? நல்ல தண்ணில போட்டு, சேத்தைக் கக்க விட்டுத்தானே மூட்டை கட்டுறோம்" என்றாள். சேற்றைக் கக்கும், சதையில் ஊறினதைக் கக்காது என்றாள் மிர்தா. அத்தை விடுவாளா, "அப்புறம் எலுமிச்சம்பழம் எதுக்கு இருக்கு? பிழிஞ்சா எல்லாம் செத்துரும்" என்றாள். "செத்துப்போக ஈயத்துக்கு உசுரா இருக்கு, அக்கா?" என்று மிர்தா கேட்க, கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன், உன் நினைவு வரும்வரை. வேகவைத்தாலும் புகையில் வாட்டினாலும் போகாதாம். பெரியவர்களைவிடப் பிறக்காத பிள்ளைக்குத்தான் கெடுதல் அதிகம், மூளை வளர்ச்சியையே தொடும் என்கிறாள்.

போன தடவை அனுப்பிய புகைச்சிப்பி ஜாடியில் மிச்சம் இருந்தால் கொட்டிவிடு. வீணாகிறதே என்று பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காதே, பூனைக்கும் வேண்டாம். இரத்தத்தில் ஈயமும் பாதரசமும் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேள். நீ என்னைப் போல, வாய் திறந்து கேட்கக் கூசுவாய். கேள். தின்றதை நினைத்துப் பயந்துகொண்டு உட்காராதே, இனி தின்னாமல் இருப்பதே பாதி மருந்தாம்.

சங்கம் விற்பனையை நிறுத்திவிட்டது. அப்பா தேங்காய் பறிக்கப் போகிறார். நான் சேற்றில் இறங்குவதில்லை. நகத்தில் கறுப்பு இல்லாமல் என் கை எனக்கே வேற்றாள் கை போலிருக்கிறது.

பிரசவத்துக்கு வருவேன். பிள்ளை பெற்றவளுக்கு நம் வழக்கப்படி சிப்பிச்சாறு காய்ச்ச முடியாது, கோழிச்சாறுதான். "சிப்பிக்காரி மகளுக்குக் கோழியா? ஊரே சிரிக்கும்டி" என்கிறாள் அத்தை. சிரிக்கட்டும். கோழியைக் கொல்லையில் கட்டி வைத்துச் சோளம் போட்டு வளர்க்கிறேன். அது என்ன தின்கிறது என்று எனக்குத் தெரியும்.

மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும். ஜாடியை இன்றைக்கே கொட்டு.

உன் அம்மா,
நியெவெஸ்