மூன்றாம் தடத்துக் கெல்வின்

கூரன்வேல், மெல்போர்ன்
மார்ச் 14

அன்பு கிளெனிஸ்,

நலமா என்று கேட்டால் "இன்னும் சாகலை" என்று ஒரு வரி எழுதுவாய். அதனால் கேட்கவில்லை. எனக்கு முழங்கால் ஒன்றுதான் குறை. படியைக் கண்டாலே அழுகிறது.

போனில் பேசினால் உனக்குப் பாதி கேட்பதில்லை, மீதியை நீயாகக் கற்பனை செய்துகொள்கிறாய். அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து படி. நாம் பந்து உருட்டிய பௌல்ஸ் கிளப்பை மூடப் போகிறார்கள்.

சுற்றிலும் வீடு மேல் வீடாகக் கட்டி, ஊர் நெடுஞ்சாலை வரைக்கும் போய்விட்டது. அவ்வளவு சனம் வந்தும் புல்தரையில் பந்து உருட்ட ஒரு ஆள் சேரவில்லை. பாவம், அதுகள் விடியுமுன் ரயிலுக்கு ஓடி, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறதுகள். நம் பக்கமும் ஆள் ஆளாய்ப் போய்க்கொண்டே இருக்கிறது. இந்தக் கோடையில் கொடியை எத்தனை முறை அரைக்கம்பத்துக்கு இறக்கினோம் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். தலைவர் பதவிக்கு யார் நிற்கிறீர்கள் என்று கூட்டத்தில் கேட்டபோது எல்லாரும் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள். நிலம் எப்படியும் நகரசபையுடையது. கடைவளாகத்துக்குக் கார் நிறுத்த இடம் வேண்டுமாம்.

மூடலாமா என்று கை தூக்கச் சொன்னார்கள். நானும் தூக்கினேன். வேறு எவளாவது உனக்குச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். திட்டிக்கொள்.

வெள்ளிக்கிழமை கிளப் குலுக்கல் சீட்டில் பரிசு இறைச்சித் தட்டு எனக்கே விழுந்தது. டிக்கெட் வாங்கியதே ஏழெட்டுப் பேர், விழாமல் எங்கே போகும்? ஒற்றைக் கட்டைக்கு அவ்வளவு ஆட்டுக்கறி எதற்கு? புல்தரையைப் பார்த்துக்கொள்ளும் லெஸ்ஸிடம் பாதியைத் தள்ளிவிட்டேன்.

கிளப் சமையல்கட்டுக்குப் பின்னால் இருக்கும் மரத்து எலுமிச்சையில் ஜாம் கிளறி இரண்டு பாட்டில் அனுப்பியிருக்கிறேன். உன் மருமகள் முகம் சுளித்தால் நீயே சாப்பிடு.

உன் கெல்வினைப் பற்றி நீ கேட்பாய் என்று தெரியும். நாம் அவர் சாம்பலைத் தூவியது பந்து உருட்டும் மூன்றாம் தடத்து ஓரத்தில் என்று நம் இரண்டு பேருக்குத்தானே தெரியும். என்ன செய்யலாம், நீயே சொல்.

உன்
கோரல்


டவுன்ஸ்வில்
ஏப்ரல் 2

கோரலுக்கு,

கையா தூக்கினாய்? அந்தக் கை முழங்காலைப் போல வலித்திருக்கக் கூடாதா?

சரி, போகட்டும். ஒன்றரை நாள் உன்னைத் திட்டித் தீர்த்துவிட்டேன். பிரெட் "யாரோட பேசிட்டிருக்கே அம்மா?" என்று கதவைத் தட்டிக் கேட்டான்.

எனக்கு இதயம் சரியில்லை, கோரல். டாக்டர் சின்னப் பெண். என் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப அன்பாகப் பேசினாள். அவ்வளவு அன்பாகப் பேசினால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா? பிரெட்டிடம் என் சாம்பலை என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். "இங்க கடல் அழகா இருக்கேம்மா" என்கிறான். எனக்கு எதற்கடா கடல்? நீச்சல்கூடத் தெரியாது. இந்த ஊரின் புழுக்கத்தில் உயிரோடு இருப்பதே போதும் போதும் என்றாகிவிட்டது.

நான் என் புருஷனோடு சேர வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. நான் போனதும் நீ என்னைக் கொண்டுபோய் மூன்றாம் தடத்தில் தூவுவாய், லெஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கொடியைப் பாதிக்கு இறக்குவார் என்று நினைத்திருந்தேன். இப்போது தடமும் இல்லை, கொடிக்கம்பமும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஞாபகம் இருக்கிறதா? லெஸ் பார்த்தால் கொன்றுவிடுவார் என்று நீ வீட்டுச் செருப்போடு வேலியைத் தாண்டினாய். காற்று திருப்பி அடித்து, கெல்வின் பாதி உன் கம்பளிச் சட்டையில். அந்த இடம் முதலில் கருகிப்போய்ப் பிறகு பச்சை பிடித்தபோது "மனுஷன் வேர் விட்டுட்டார்டி" என்றாயே. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் இங்கே கிடக்கிறேன்.

எனக்கு ஒன்று செய். இயந்திரம் வருமுன் அந்த ஓரத்து மண்ணில் ஒரு பிஸ்கட் டப்பா அளவு தோண்டி அனுப்பு. என்னோடு கலக்கச் சொல்லி பிரெட்டிடம் கொடுத்துவிடுகிறேன். பிறகு கடலோ, குப்பையோ, எங்கே வேண்டுமானாலும் போடட்டும்.

ஜாம் வந்தது. தினமும் காலையில் ரொட்டியில் தடவிச் சாப்பிடுகிறேன். வாய்க்குப் பிடிப்பது அது ஒன்றுதான்.

கிளெனிஸ்


கூரன்வேல்
மே 5

என் கிளெனிஸ்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் வைத்த பாலைப் பொங்க விட்டேன். இதயத்தைப் பற்றி இவ்வளவு சாதாரணமாக எழுத உனக்கு எப்படியடி மனம் வந்தது?

மண் தோண்ட மறுநாளே போனேன். இனி யாருக்குப் பயந்து வேலி தாண்ட வேண்டும்? நேராக லெஸ்ஸிடமே கேட்டேன்.

"மூணாம் தடத்து ஓரத்துலயா? அங்க எதுக்கு?"

"கிளெனிஸ் ஞாபகத்துக்குக் கேக்கறா."

"அப்ப நடுவுல எடுத்துக்கோ. அந்த ஓரத்துல இருக்கறது பழைய மண்ணு இல்ல."

"பழைய மண்ணு இல்லன்னா?"

"ஒரு குளிர்காலம் அங்க கருகிப்போச்சே, மறந்துட்டியா? எவனோ உரத்தைக் கொட்டிட்டான்னு நினைச்சேன். உரக்காரனைக் கூப்பிட்டு நல்லா விட்டேன் டோஸு. அப்புறம் ஒரு முழம் ஆழத்துக்குத் தோண்டி எடுத்துட்டு, புது மண்ணு கொட்டி, புதுப் புல்லு பதிச்சேன். நீங்க யாருமே கண்டுபிடிக்கலயே. அதாம்மா வேலை!"

"தோண்டினதை எங்கப்பா கொட்டினே?" என்றேன்.

"குப்பைக்கு ஏன் தூக்கணும்? பின்னால எலுமிச்சை மரத்துக்குப் போட்டேன். அதுக்கப்புறம்தானே அது இந்தக் காய் காய்க்குது."

கிளெனிஸ், நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். லெஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "அய்யய்யோ, கெல்வினையா நான் மண்வெட்டியால வெட்டினேன்" என்றார். அவர்மேல் தப்பு சொல்ல வழியில்லை. சாம்பல் புல்லைக் கருக்கும் என்று நமக்குத் தெரியவில்லை. கருகியதைப் பார்த்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது என்பதாவது தெரிந்திருக்க வேண்டாமா?

அந்த எலுமிச்சையில்தான் ஜாம் கிளறி உனக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன், ஒவ்வொரு வருஷமும். எனக்குச் சிரிப்பு வருகிறது, உடனே வாயைப் பொத்திக்கொள்கிறேன். மாற்றி மாற்றி.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் தடத்து மண்ணையே டப்பாவில் நிரப்பி, ஒட்டி, உன் முகவரியும் எழுதிவிட்டேன். உனக்குத் தெரியவா போகிறது? தபால் நிலைய வாசல்வரை போனேன். உன் பக்கத்தில் கெல்வின் என்று சொல்லி யாரோ விற்ற லாரி மண்ணை வைக்க எனக்குக் கை வரவில்லையடி. திரும்பிவிட்டேன்.

மரத்தின்மேல் நகரசபைக்காரன் சிவப்புச் சாயத்தில் குறி போட்டுவிட்டுப் போயிருக்கிறான். வெட்டுவதற்குள் சொல். என்ன செய்யட்டும்?

கோரல்


டவுன்ஸ்வில்
மே 19

கோரலுக்கு,

நீ அதை அனுப்பியிருக்க வேண்டும்.

லாரி மண்ணோ எந்த மண்ணோ, அந்த டப்பாவை என் தலைமாட்டில் வைத்துக்கொண்டு நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பேன். யாருக்கு என்ன நஷ்டம்? உன் மனசு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக என்னிடம் இருந்த ஒன்றையும் பிடுங்கிக்கொண்டாய். ஊரில் எல்லாருக்கும் பொய் வருகிறது. எனக்குத் தேவைப்படும்போது உனக்கு வரவில்லை.

மிச்ச ஜாமை பிரெட் எடுத்துப்போய்க் கொட்டிவிட்டான். நான்தான் கொட்டச் சொன்னேன். பிறகு காலிப் பாட்டிலைப் பார்த்து அழுதேன்.

இனிமேல் எனக்கு எழுத வேண்டாம்.

கிளெனிஸ்


கூரன்வேல்
ஜூலை 8

கிளெனிஸ்,

எழுத வேண்டாம் என்றாய். நீ சொல்லி நான் எதைக் கேட்டிருக்கிறேன்?

மரத்தை நேற்று வெட்டிவிட்டார்கள். அதற்கு முன்பே நானும் லெஸ்ஸும் போய் வேரடி மண்ணை வாளி வாளியாக அள்ளி வந்துவிட்டோம். இடுப்பு ஒடிந்த கிழவனும் முழங்கால் போன கிழவியும் வாளி தூக்கியதைப் பார்த்து, வெட்ட வந்தவர்களே வாளியை வாங்கிக்கொண்டார்கள். என்ன, ஏது என்று கேட்கவில்லை. நல்ல பிள்ளைகள்.

அந்த மண்ணை என் கொல்லையில், வேலியோரம் கொட்டி, ஒரு எலுமிச்சைக் கன்று நட்டிருக்கிறேன். காலையில் தேநீர் குடிக்கும்போது சன்னலில் இருந்து தெரிகிறது. இலை ஐந்தோ ஆறோதான்.

கிளப்பின் கடைசி நாளுக்கு வந்தவர்கள் சாண்ட்விச்சைத் தின்றுவிட்டுச் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள். லெஸ் கொடியை இறக்கி மடித்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

நான் சொல்லியிருக்கக் கூடாதோ என்று ராத்திரியெல்லாம் நினைக்கிறேன். நீ சொன்னதே சரியாக இருக்கலாம். ஆனாலும் உன்னிடம் பொய் சொல்லிவிட்டு, நீ நன்றி என்று எழுதும் கடிதத்தை நான் எப்படிப் படிப்பேன்?

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

கோரல்


கூரன்வேல்
செப்டம்பர் 21

அன்பு கிளெனிஸ்,

இதைத் தபாலில் போடப் போவதில்லை. நீதான் வந்துவிட்டாயே.

போன மாதம் பிரெட் போன் செய்தான். "கோரல் ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க" என்றான். என் ஜூலைக் கடிதம் வந்ததா என்று கேட்க நினைத்தேன், வாய் வரவில்லை. கடலில் போட்டிருப்பான் என்றே நினைத்துக்கொண்டேன். உன்மேல் எனக்கு அவ்வளவு கோபம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாய் பார்.

நேற்று நீ இருந்த பெட்டி வந்தது. சாயங்காலம் பிரெட்டே போன் செய்தான். "வந்துடுச்சா ஆன்ட்டி? கடைசி வாரம் உங்க கடிதத்தைத் தலகாணிக்குக் கீழயே வச்சிருந்தாங்க. 'என்னைக் கோரல்கிட்ட அனுப்பிடு. அந்தப் பாவிக்குப் பொய் சொல்ல வராது, எங்க போட்டேன்னு சொல்றாளோ அங்கதான் இருப்பேன்'னு சொன்னாங்க" என்றான். பிறகு கொஞ்சம் தயங்கி, "இன்னொண்ணும் சொன்னாங்க. என்னன்னு எனக்குப் புரியலை. 'இந்தத் தடவையாவது மண்ணோட நல்லாக் கலந்து போடச் சொல்லு, லெஸ்ஸைக் கேட்டுட்டுப் போடச் சொல்லு'ன்னாங்க" என்றான்.

போனை வைத்துவிட்டு அப்படி அழுதேன், கிளெனிஸ். இத்தனை வயதில் அப்படி அழுவேன் என்று நினைக்கவில்லை.

இன்று காலை லெஸ் கிளப்பின் பழைய வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு பிடி நீ, நாலு பிடி மண் என்று அவர் சொல்லச் சொல்ல நான் கலந்தேன். கன்றுக்குப் பக்கத்தில் கொட்டக் கூடாதாம், தள்ளிச் சுற்றிலும் போட வேண்டுமாம். அப்படியே செய்தோம். காற்று இல்லை. நீ என் சட்டையில் ஒட்டவில்லை.

பிறகு லெஸ் பையில் இருந்து கிளப் கொடியை எடுத்தார். "கம்பத்துக்கு எங்கப்பா போறது?" என்றேன். அவர் கொல்லையில் குடை மாதிரி விரிந்து நிற்கும், துணி காயப்போடும் சுழல் கம்பியில் நான்கு கவ்விகளை மாட்டிக் கொடியைத் தொங்கவிட்டார். கைப்பிடியைச் சுற்றி உச்சி வரைக்கும் ஏற்றினார். தொப்பியைக் கழற்றினார். பிறகு மெல்லச் சுற்றிப் பாதிக்கு இறக்கினார். கம்பி துருப்பிடித்து அப்படிக் கிறீச்சிட்டது. பக்கத்து வீட்டுப் பெண் குழந்தையோடு வேலிக்கு வந்து பார்த்துவிட்டு அங்கேயே நின்றாள்.

என் துவைத்த துணியெல்லாம் கூடையில் ஈரமாகவே கிடக்கிறது. கிடக்கட்டும், நாளைக்குக் காயப்போட்டுக்கொள்கிறேன்.

உன்
கோரல்