ஒரு நூல் இறங்கிய பிஸ்டன்

1971, ஆனி மாதம், செவ்வாய் இரவு.

கவரப்பேட்டை ரைஸ் மில்லின் ஆயில் என்ஜின் இன்றும் ஸ்டார்ட் ஆகவில்லை. கடையக் கொடுத்த கிராங்கை லேத்துக்காரன் தேவராஜ் மாற்றிவிட்டான் என்று காலையில் அவன் பட்டறைக்கே போய்க் கத்தினேன்.

"சத்தியமா உன்னுதுதாண்ணே. அளந்து பாத்துக்கோ."

சாயங்காலம் என்ஜினின் மேல்மூடி ஹெட்டைக் கழற்றி அளந்தேன். பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம் பழையபடியே இருக்கிறது. ஆனால் உச்சியில் நிற்கும்போது ஒரு நூல், அரைக்கால் அங்குலம், இறங்கி நிற்கிறது. கணக்குப் போட்டேன். பதினாறு மடங்கு இருக்க வேண்டிய கம்ப்ரஷன் பன்னிரண்டைக்கூடத் தொடவில்லை; அதில் ஆயில் பற்றாது. கிராங்க் மாறியிருந்தால் ஓடும் தூரமும் மாறியிருக்கும். அப்படியென்றால் கட்டையாக இருப்பது பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடு.

இந்த ரிப்பேரில் பழையதை எடுத்துவிட்டுப் போட்ட அந்தப் புது ராடை வாங்கி வந்தவன் என் மனைவியின் தம்பி சேகர். பழைய ராடைக் கொண்டு வா, பக்கத்தில் வைத்துப் பார்ப்போம் என்றேன்.

"அத்த அன்னிக்கே காயலான் கடையில போட்டுட்டேன் மாமா. லேத்துக்காரன உட்டுட்டு என்னை இன்னாத்துக்கு நோண்டினுகீற?"

துருப்பிடித்த வாஷரைக்கூட வெளியே போக விடாதவன் சேகர்.

ராடு வாங்கின காசில் தம்பி கை வைத்திருப்பான் என்ற சந்தேகத்தை மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. சாப்பாட்டில் தம்பிக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தாள். அவன் என் முகத்தைப் பார்க்காமலே தின்றான்.