கேட்டு வாங்கிய பூட்டு

காங்கேயம்
3.2.2025

மகள் லோகப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கு நலம். நீயும் நலமென்று எழுதினால் நம்ப மாட்டேன். நேற்றுத்தானே வந்து பார்த்தேன்.

எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்காத பிறவிக் கோளாறு உனக்கு. எட்டாவது படித்த நான், அகராதியை வைத்துக்கொண்டு டாக்டர்கள் எழுதியதையெல்லாம் படித்தேன். இருபத்தாறு வருடம் சமையலறையைப் பூட்டி உன்னைக் காப்பாற்றினேன். அந்தப் பூட்டுப் பொறுக்காமல்தான், உன்னைப் போன்றவர்களுக்கான வீடென்று கோவையில் கணபதிக்குக் குடிபோனாய். அங்கேயும் பூட்டு! நான் பூட்டினால் சிறை, வீட்டுப் பொறுப்பாளர் ஜெனிதா பூட்டினால் உதவியோ?

14ஆம் தேதி வெள்ளிக்கிழமை வருகிறேன். துணிமணியை எடுத்து வை அம்மணி.

காளிச்சாமி


கணபதி, கோவை
7.2.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

வெள்ளிக்கிழமை வராதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தபோது என் தலையணை உறைக்குள் கடலை உருண்டைப் பொட்டலத்தை வைத்தது நீங்கள்தானே? இங்கே என்னைக் கவனிக்கிறார்களா என்று சோதித்தீர்கள். அவர்கள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். ஒன்பது உருண்டை தின்றேன். பத்தாவதைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, ஓடியாங்க! இதப் புடுங்கீருங்க, கெஞ்சுனாலும் குடுக்காதீங்க" என்று கத்தினேன். ஜெனிதா அக்கா பிடுங்கினார். அவர் கையைக் கடித்துவிட்டேன்.

நம் வீட்டில் அடுத்த சோறு எப்போது என்று கேட்டால் "பொறு" என்பீர்கள். அதுதான் என்னைக் கிறுக்காக்கியது. இங்கே எத்தனை மணிக்கு, என்ன சாப்பாடு என்று நானே சுவரில் எழுதுகிறேன். சமையலறையைப் பூட்டச் சொன்னதும் நானே. தையல் கடையில் பொத்தான் தைக்கிறேன். பஸ்ஸில் தனியாகப் போய் வருகிறேன்.

நான் சொல்லும்வரை உங்களை உள்ளே விட வேண்டாமென்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் மகள்
லோகப்பிரியா


காங்கேயம்
15.2.2025

லோகப்பிரியாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் நேற்று வந்தேன். வராதே என்றால் வருகிறவன் நான். ஜெனிதா கேட்டைத் திறக்கவில்லை. "ஒரு நிமிசம் நில்லுங்க, கேட்டுப்போட்டு வாரேன்" என்றாள்.

"எம்புள்ளயப் பாக்க எவகிட்டக் கேக்கோணும்?" என்று தெருவே திரும்பிப் பார்க்கச் சத்தம் போட்டேன்.

"உங்க புள்ளகிட்டத்தானுங்க" என்றாள்.

ஜன்னல் வழியே உன் குரல் கேட்டது. "இன்னைக்கு வேண்டாமுங்க்கா." அவ்வளவுதான். மறுத்துப் பேச நேர்ந்தாலே சுவரில் தலையை மோதிக்கொள்பவள் நீ. அந்தச் சத்தத்துக்காகக் காத்து நின்றேன். வரவில்லை. கிளம்பிவிட்டேன்.

சோதித்தது தப்பென்று என்னால் எழுத முடியாது. ஒன்பது உருண்டை உள்ளே போகும்வரை தெரியாதவர்கள் எனக்குப் பாடம் சொல்லவும் வேண்டாம். அந்தப் பெண்ணின் கை வீங்கியிருந்தது. ஊசி போட்டாளா என்று கேள்.

எந்தக் கிழமை வரலாம் என்று எழுது.

அப்பா