வெளியே மிதந்த மூன்று பேர்

லண்டன்
14.1.1979

அன்புள்ள ரோஸ்மேரிக்கு,

நான் நலம். நீயும் அப்பாவும் நலமாய் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே பனி கொட்டிக் கிடக்கிறது. நம் தேயிலைத் தோட்டத்து மலைக் குளிரையே பெரிய குளிர் என்று நினைத்திருந்தோமே, இது வேறு ரகம்.

ஒரு வேடிக்கை எழுதுகிறேன், அப்பாவுக்கும் படித்துக் காட்டு. நான் சினிமாவில் நடிக்கப் போகிறேன். சிரிக்காதே. எங்கள் வார்டில் ஒரு நோயாளி, சினிமாக் கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறவர். கட்டுப் பிரிக்கும்போது என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உன்னைப் போல ஒல்லியும் குட்டையுமான ஆட்கள்தான் வேண்டும்" என்றார். ஆகாயக் கப்பல் படமாம். ஆட்கள் சின்னதாய் இருந்தால் கப்பல் பெரிதாய்த் தெரியுமாம். என் உயரத்தைக் கேலி பண்ணுவானே லோரி வீரப்பன், அவனிடம் சொல்.

லீவு நாளில்தான் போவேன். நர்ஸ் படிப்புக்கு இடைஞ்சல் வராது. கிடைக்கிற பணத்தை ஊருக்கு வரும் டிக்கெட்டுக்கென்று வைத்துக்கொள்கிறேன்.

அப்பாவுக்கு இளைப்பு எப்படி இருக்கிறது? தோட்டத்து மருந்தகத்தில் டிரஸ்ஸர் கொடுக்கும் மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல்.

உன்
அருள்சாமி

தானா ராத்தா
9.2.1979

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கண்டு சந்தோஷம். மாமா லயம் முழுக்க வீடு வீடாச் சொல்லிட்டு வந்துட்டாங்க. பேக்டரி வாசல்ல நின்னு கங்காணிகிட்டயே சொன்னாங்களாம், "என் மவன் சினிமாக்காரன் லா"ன்னு. அப்புறம் என்கிட்ட வந்து, "மூஞ்சி தெரியுமான்னு கேட்டு எழுது"ன்னாங்க. நடந்தாலே இளைக்குது, இருந்தும் சொல்லாம இருக்க முடியல.

நான் பாத்துக்குற ஆயாக்கொட்டகையில பிள்ளைங்க கூடிப்போச்சு. எல்லாத்துக்கும் சளி. கொழுந்து நல்லா வருது, அதனால தாய்மாருங்க இருட்டினப்புறம்தான் வந்து தூக்கிட்டுப் போறாங்க.

மூணு வருஷம்னு சொல்லிட்டுப் போனீங்க. இப்ப நாலாவது. நான் குத்திக் காட்டல, எழுதணும்னு தோணுச்சு. சினிமாவுல நடிச்சாவது டிக்கெட் சேந்தா சரி.

படத்துக்கு என்ன பேரு? ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி ராதாகிருஷ்ணன் இங்கிலீஷ் பேப்பர் பார்ப்பார். வந்தா சொல்லச் சொல்றேன்.

அன்புடன்
ரோஸ்மேரி

லண்டன்
4.3.1979

அன்புள்ள ரோஸ்மேரிக்கு,

முகம் தெரியாது என்று அப்பாவிடம் சொல்லிவிடு. தலை முழுவதும் கவசம், முன்னால் கறுப்புக் கண்ணாடி. அதைப் போட்டால் என்னை எனக்கே தெரியவில்லை.

கதை இதுதான். தூரத்துக் கிரகத்திலிருந்து ஒரு கப்பல் திரும்பி வருகிறது. வழியில் கல் மோதி ஓட்டை விழுந்து காற்று கசிகிறது. இருக்கிற காற்று பாதிப் பேருக்குத்தான் போதும். உள்ளே ஒருவன் யாருக்கும் தெரியாமல் மற்றவர்கள் அறைக் குழாயை மூடிக்கொண்டே வருகிறான். அவன் யார் என்பதுதான் படம். ஓட்டையை அடைக்க மூன்று பேர் வெளியே போகிறார்கள். அதில் ஒருவன் நான். அங்கேயே இறந்துவிடுவேன். பயப்படாதே, கம்பியில் கட்டித் தொங்கவிட்டு எடுக்கிறார்கள். உடுப்பு காற்றுப் புகாதது. முதுகில் ஒரு குழாய் வழியாகப் பம்பு வைத்துக் காற்று விடுகிறார்கள். குழாயை உறுத்தாமல் வைத்துத் தைக்க ஒரு வயதான அம்மா இருக்கிறார்கள், வாய் நிறைய ஊசி வைத்துக்கொண்டே பேசுவார்கள்.

படத்தின் பெயர் தமிழில் சொன்னால் 'காற்றில்லாத வீடு'. இங்கிலீஷில் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன், கிராணியிடம் கொடு.

ஆகஸ்டில் வரப் பார்க்கிறேன். நிச்சயம் என்று சொல்லவில்லை.

உன்
அருள்சாமி

தானா ராத்தா
2.5.1979

அத்தான்,

தந்தி கிடைச்சிருக்கும். மாமா போயிட்டாங்க.

ஈஸ்டர் கழிஞ்ச வாரம் இளைப்பு அதிகமாச்சு. லோரியில டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வீரப்பன் மெதுவா ஓட்டினான், வளைவுல குலுங்கக் கூடாதுன்னு. மாமா என் மடியில சாஞ்சிருந்தாங்க. மத்தியானம் வரைக்கும் பேசினாங்க. அப்புறம் சட்டைக் கழுத்துல பித்தானைத் தேடிக்கிட்டே இருந்தாங்க. நான் எல்லாப் பித்தானும் கழட்டிட்டேன், இருந்தும் தேடினாங்க.

கிராணி தந்தி அடிச்சார். பதிலுக்காக ஒரு நாள் வச்சிருந்தோம். அதுக்கு மேல சாமியார் வேணாம்னு சொல்லிட்டார். மண்ணு போடறதுக்கு மகன் இல்லாததால வீரப்பன் போட்டான்.

மவன்கிட்டேருந்து சேதி வந்துச்சான்னு எல்லாரும் கேட்டாங்க. வந்துச்சு, லீவு கிடைக்கலன்னு சொல்லிட்டேன்.

உங்களுக்கு என்ன ஆச்சு? ஒரு வரி எழுதுங்க.

ரோஸ்மேரி

லண்டன்
11.7.1979

ரோஸ்மேரி,

தந்தி கிடைத்தது. நலம்.

அருள்சாமி

தானா ராத்தா
3.9.1979

அத்தானுக்கு,

உங்க கார்டு வந்துச்சு. வேற எதாவது எழுதியிருப்பீங்கன்னு திருப்பிப் பார்த்தேன். ஆத்துப் பாலம் படம் இருந்துச்சு. நல்லா இருக்கு.

ஆகஸ்டு போயிருச்சு. நான் கேக்கல. லயத்துல வீடு என் பேருக்கு மாத்திக் குடுத்துட்டாங்க. மாமா கட்டிலை இருளப்பன் வீட்டுக்குக் குடுத்துட்டேன், அவன் பொண்டாட்டிக்கு உடம்பு முடியல.

முன்னெல்லாம் ராத்திரி அழுகை வரும். இப்ப வர்றதில்ல. வேலைக்குப் போறேன், வர்றேன், சோறாக்குறேன். சாப்பிட்டேனான்னு சில நாள் சட்டியைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்குறேன்.

பதில் வந்தா எழுதுறேன்.

ரோஸ்மேரி

தானா ராத்தா
17.11.1980

அத்தானுக்கு,

ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. கிறிஸ்மஸ் கார்டு ஒண்ணு வந்துச்சு, அதுல கையெழுத்து மட்டும்தான். அதனால எழுதாம இருந்தேன். இப்ப எழுத வேண்டி வந்துருச்சு.

உங்க படம் ஈப்போவுக்கு வந்திருக்கு. கிராணி பேப்பர்ல பார்த்துட்டு ஆயாக்கொட்டகைக்கே வந்து சொன்னார். ஞாயித்துக்கிழமை தாப்பா வழியா பஸ்ல போனேன். அங்க இருக்குற என் தங்கச்சி மேவிஸ் சினிமாக் கொட்டகை வாசல்ல கச்சாங் கடலை வாங்கி வச்சுக்கிட்டு நின்னா.

படம் எனக்குப் பாதி புரியல. குழாயை மூடறவன் யாருன்னு மேவிஸ் முதல்லயே கண்டுபிடிச்சுட்டா. அப்புறம் மூணு பேரு கப்பலுக்கு வெளியில வந்தாங்க. மூணு பேரும் ஒரே மாதிரி. சத்தமே இல்ல. "எது மச்சான்?"னு மேவிஸ் கேட்டா. எனக்குத் தெரியலன்னேன். நெஜமாவே தெரியல. கட்டின புருஷன், தெரியலயேன்னு கூட வருத்தம் வரல. சும்மா பார்த்துக்கிட்டிருந்தேன்.

அப்புறம் ஒருத்தன் கையை ஆட்ட ஆரம்பிச்சான். முதல்ல ரெண்டு கையும் ஆட்டினான். அப்புறம் கை கழுத்துக்குப் போச்சு. கழுத்துல எதையோ தேடுச்சு, தேடுச்சு, கிடைக்கல. அத்தான், மாமா கை கடைசியில அப்படித்தான் இருந்துச்சு.

நான் எழுந்து நின்னுட்டேன். பின்னாலேருந்து ஒருத்தன் "டுடுக் லா, டுடுக்!"னு கத்தினான். மேவிஸ் கையைப் பிடிச்சு உக்கார வச்சா. வரும்போது ஒரு சீனப் பையன் சொல்லிட்டுப் போறான், அந்த ஆளு சாவுறது ரொம்ப நல்லா இருந்துச்சாம்.

அது நடிப்பு இல்ல. நடிப்புன்னா நடிப்புன்னு எழுதுங்க, நான் நம்பிக்குறேன். இல்லன்னா என்ன நடந்துச்சுன்னு எழுதுங்க.

ரோஸ்மேரி

லண்டன்
8.12.1980

அன்புள்ள ரோஸ்மேரிக்கு,

நடிப்பு இல்லை.

கம்பியில் புரட்டும்போது முதுகுக் குழாய் மடங்கிவிட்டது. உள்ளே காற்று நின்றது. கத்தினேன், என் குரல் எனக்கு மட்டும்தான் கேட்டது. கையை ஆட்டினேன். கீழே டைரக்டர் பார்த்துக்கொண்டே இருக்கிறார், கேமரா ஓடிக்கொண்டே இருக்கிறது. நன்றாகச் செய்கிறான் என்று நினைத்திருக்கிறார்கள். கவசத்தைக் கழற்றத் தேடினேன், பூட்டு பின்பக்கம். உன்னை நினைத்தேன் என்று எழுத ஆசைதான். யாரையும் நினைக்கவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினேன், அவ்வளவுதான்.

உடுப்புத் தைக்கும் அந்த அம்மாதான் கத்தியிருக்கிறார்கள். கத்தரிக்கோலோடு ஓடிவந்து, இறக்கச் சொல்லி, உடுப்பைக் கிழித்திருக்கிறார்கள். எனக்கு நினைவு வந்தது ஆஸ்பத்திரியில்.

அங்கே படுத்திருக்கும்போதுதான் கூடப் படிக்கும் ஒருவன் தந்தியைக் கொண்டுவந்து கொடுத்தான். படித்தேன். அப்பா இறந்துவிட்டார் என்று புரிந்தது. மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தேன். நர்ஸ் சூப் கொண்டுவந்தாள், குடித்தேன். ரோஸ்மேரி, எனக்கு ஒன்றுமே வரவில்லை. இன்றுவரை வரவில்லை. இதை உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் 'நலம்' என்று எழுதினேன்.

உடம்பு நலம்தான். லிஃப்டில் ஏற முடியாது. நோயாளி மூக்கில் ஆக்சிஜன் மூடி வைக்கப் போனால் கை நின்றுவிடுகிறது. அதனால் படிப்பை விட்டேன். இப்போது அதே ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற இடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிறேன்.

அந்தக் காட்சியை எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். நன்றாக வந்திருக்கிறது, வைத்துக்கொள்கிறோம் என்று ஒருவர் வந்து சொன்னார். சரி என்றேன். வேண்டாம் என்று சொல்லவும் ஒன்றும் தோன்றவில்லை. நான் இன்னும் படம் பார்க்கவில்லை.

அருள்சாமி

தானா ராத்தா
6.1.1981

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதத்தைப் படிச்சிட்டு ஆயாக்கொட்டகைக்குப் போயிட்டேன். பிள்ளைங்களுக்குப் பால் கரைச்சேன். மத்தியானம் திரும்பவும் எடுத்துப் படிச்சேன்.

உங்க மேல கோபமா இருந்தேன். இப்ப அதைத் தேடிப் பார்க்குறேன், காணோம். அந்த இடத்துல வேற எதுவும் வந்து நிக்கல. மாமா செத்த சேதிக்கு அழுகை வரலன்னு எழுதினீங்க. நான் அழுதேன், எல்லாரும் அழுதோம். நீங்க அழாததால அவங்களுக்கு ஒண்ணும் குறைஞ்சு போகல. மண்ணு போட ஆளு இருந்துச்சு.

ஒண்ணு மட்டும் கேக்குறேன். கத்தரிக்கோலோட ஓடி வந்த அந்த அம்மா பேரு என்ன? தானா ராத்தா கோயில்ல அவங்களுக்காக ஒரு பூசை குடுக்கணும். பேரில்லாம எப்படிக் குடுக்குறது?

ரோஸ்மேரி

லண்டன்
1.2.1981

அன்புள்ள ரோஸ்மேரிக்கு,

அந்த அம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது என்பதே நீ கேட்ட பிறகுதான் உறைத்தது. உயிரைக் காப்பாற்றியவர்களை நான் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை.

போன சனிக்கிழமை கம்பெனிக்குப் போய் விசாரித்தேன். வீட்டு விலாசம் கொடுத்தார்கள். மாடி வீடு, படியேறிப் போனேன். என்னைப் பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். டோரத்தி என்று பெயர். என் மனைவி பூசை கொடுக்கக் கேட்கிறாள் என்றேன்.

"உன் மனைவிக்குத் தெரியுமா?" என்று கேட்டார்கள்.

"படத்தில் பார்த்தாள்."

"நீ சொல்வதற்கு முன்பா?"

"ஆமாம்."

அவர்கள் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார்கள். "அந்தப் பெண் அதைப் பார்த்தாளா, ஐயோ, அவள் பார்த்தாளா" என்று அதையே சொன்னார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன். தேநீர் வைக்க வேண்டும் என்று தோன்றியது. அடுப்படியைத் தேடிப் போய் நானே வைத்துக் கொடுத்தேன். இனி என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டார்கள். வீட்டுக்குப் போகிறேன் என்றேன். வாய் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

டிக்கெட் எடுத்துவிட்டேன். மார்ச் கடைசியில் வருகிறேன். விமான நிலையத்துக்கு யாரும் வரவேண்டாம், நான் பஸ் பிடித்து வருகிறேன். ரொம்பப் பேச மாட்டேனென்று நினைக்கிறேன். இரவில் அறைக் கதவு சாத்தியிருந்தால் எனக்குத் தூக்கம் வராது. இதெல்லாம் உனக்குச் சரிப்படுமா என்று யோசித்து எழுது. சரிப்படாவிட்டால் ஈப்போவில் வேலை தேடிக்கொள்கிறேன்.

அருள்சாமி

தானா ராத்தா
23.2.1981

அன்புள்ள அத்தானுக்கு,

டோரத்தி அம்மாவுக்குப் பூசை குடுத்தாச்சு. சாமியார் பேரைச் சரியா வாசிச்சார்.

நீங்க வர்றீங்கன்னு படிச்சப்ப எனக்குச் சந்தோஷம் வரல. பொய் எழுத வேணாம்னு பார்க்குறேன். வருத்தமும் வரல. லெட்டரை மடிச்சு வச்சிட்டு, குடையை எடுத்துக்கிட்டு டவுனுக்கு நடந்துட்டேன். எதுக்குப் போறேன்னு தெரியாமலே கம்பளிக் கடைக்கு முன்னால நின்னேன். கடைக்காரர் எத்தனைன்னு கேட்டார். ரெண்டுன்னு சொன்னேன், கனமானது.

கதவைத் திறந்து வச்சா இங்க பனி உள்ள வந்துரும். வரட்டும். மேவிஸ் சொல்றா, நீங்க ஈப்போவுக்கே வந்தா வேலை சுலபமாக் கிடைக்கும்னு. இங்க வாங்க.

ரோஸ்மேரி