சாரம் பிரிக்காத வானம்

பிப்ரவரி 3

அன்பு மாமாவுக்கும் அத்தைக்கும்,

இருவரும் நலம்தானே? அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏற வேண்டாம் என்றால் கேட்கமாட்டார். நான் குடியிருந்த மாடி அறையை இப்போதும் அவரே போய்ப் பெருக்குகிறார் என்று கேள்விப்பட்டேன்.

ஒரு நல்ல செய்தி. அந்த அறையில் உட்கார்ந்து நான் குறிப்பெடுத்துக் கொண்டிருந்தேனே, அந்த ஆராய்ச்சி புத்தகமாகிவிட்டது. பெயர் 'விசித்திர வானங்கள்'. வெவ்வேறு மதத்தினர் வானத்தையும் பூமியையும் எப்படி நினைக்கிறார்கள் என்பதைப் பற்றியது. ஐந்தாவது அத்தியாயம் முழுக்க உங்கள் சபைதான். அதன் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அச்சுக்குப் போகும் முன் சபையின் சார்பில் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. என்னைச் சபைக்குள் அழைத்துப் போனவரும் நீங்கள், இப்போது தலைவரும் நீங்கள். ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள் மாமா. இந்தப் புத்தகம் வந்தால்தான் இங்கே என் வேலை நிரந்தரமாகும்.

நீங்கள் வைத்த பெயரோடு,
பேனா

பிப்ரவரி 14

பேனாவுக்கு,

அத்தையின் முழங்கால் அப்படியே இருக்கிறது. அத்தையும் அப்படியே இருக்கிறாள். ரெண்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை.

கையெழுத்து அனுப்பவில்லை. போனில் சொல்லியிருக்கலாம். போன் என்றால் நான் கத்துவேன், நீ அழுவாய், கடைசியில் விஷயம் ஓடிப்போகும். அதனால் கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு, பின்பக்கம் பிரைமர் டின்களுக்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ எழுதியதில் தகவல் பிழை எதுவும் இல்லை. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்த உலகம் இன்னும் கட்டி முடியாத வீடு. கட்டுகிறவர் இன்னும் சாரத்தின் மேல்தான் நிற்கிறார். மழை என்பது மேலே பூச்சு வெடிக்காமலிருக்க அவர் விடும் தண்ணீர். நட்சத்திரம் இன்னும் ஓடு பாவாத இடம். சாரத்தில் நிற்கிறவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பதால் நாங்கள் அதைக் கொடு, இதைக் கொடு என்று கேட்பதில்லை. சாயங்காலம் கூடி, "பார்த்து, வழுக்கும்" என்று சொல்லிவிட்டுக் கலைகிறோம். அவர் வீடே முடியாதபோது நம் வீட்டை முடித்துவிட்டோம் என்று மார்தட்டக் கூடாது என்று, சுவரில் ஒரு கையகலம் பூசாமல் செங்கல் தெரிய விடுகிறோம். எல்லாம் சரியாக எழுதியிருக்கிறாய்.

ஆனால் யாரைப் பற்றி எழுதியிருக்கிறாய்? "இந்த எளிய மக்கள்" என்கிறாய். நானா எளியவன்? சைக்கிள் கேரியரில் சுண்ணாம்பு மூட்டை கட்டித் தெருத்தெருவாக விற்றவன், இன்று மூன்று கடை வைத்திருக்கிறேன். என்னிடம் பேரம் பேசிவிட்டுப் போன எந்த வியாபாரியையும் கேட்டுப் பார், நான் எளியவனா என்று. "குழந்தைத்தனமான அழகு" என்கிறாய். "இன்றும் நம்புகிறார்கள்" என்கிறாய். இன்றும் என்றால் என்ன அர்த்தம்? நாளைக்கு விட்டுவிடுவோம் என்று வாசலில் காத்திருக்கிறாயா?

சிரிப்பு எனக்குப் புதிது இல்லை. பெயிண்ட் கடைச் சுவரில் பெயிண்ட் இல்லாத சதுரத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும்? போன வாரம்கூட ஒரு இன்ஜினியர் கேட்டார்: "என்ன முதலாளி, உங்க கடையிலயே பெயிண்ட் தீந்துபோச்சா?" நான் சொன்னேன்: "உங்க ஆர்டருக்கு எடுத்து வெச்சதுல கொறஞ்சுபோச்சு சார், இன்னும் பில் போடலையே?" அவர் சிரித்தார், நானும் சிரித்தேன், பில் போட்டேன். அவர் அந்நியர். சிரித்துவிட்டுப் போகலாம். நீ எங்கள் வீட்டில் சாப்பிட்டவள்.

இன்னொன்றும் கேள். மழை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். தினமும் செல்போனில் மேகப் படம் பார்த்துத்தான் வெளிச்சுவர் வேலைக்குச் சரக்கு அனுப்புகிறேன். அதுவும் தெரியும், இதுவும் தெரியும். ரெண்டும் ஒரே மண்டைக்குள் குடியிருக்கின்றன, இதுவரை சண்டை போட்டதில்லை. நீதான் பஞ்சாயத்துப் பண்ண வந்திருக்கிறாய்.

சபையில் வெளியாட்களை உட்காரவிடுவதில்லை. "நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி, நான் பொறுப்பு" என்று என் வாயால் சொன்னதால் உன்னை உட்காரவிட்டார்கள். வெள்ளைப் புடவைப் பெரியம்மா நேற்று கேட்டார்: "அந்தப் பொண்ணு நம்மளப் பத்தி என்னப்பா எழுதியிருக்கு?" இன்னும் வரவில்லை என்று பொய் சொல்லிவிட்டேன். வியாபாரத்தில் பொய் சொல்வேன். சபையில் இதுதான் முதல் தடவை.

மாமா

பிப்ரவரி 27

அன்பு மாமா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வகுப்புக்குப் போக முடியவில்லை. மன்னியுங்கள். "எளிய", "குழந்தைத்தனமான", "இன்றும்" எல்லாவற்றையும் அடித்துவிட்டேன்.

அதோடு, யாரும் இனிமேல் சிரிக்க முடியாதபடி ஒரு காரியம் செய்திருக்கிறேன். இங்கே கட்டடக்கலைத் துறையில் ஒரு தோழி இருக்கிறாள். அவளிடம் பேசினேன். பூசாமல் விடும் அந்தக் கையகலத்தின் வழியாகச் சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேறலாமாம். அதாவது உங்கள் முன்னோர் அறிவியலைத்தான் கதையாகப் பொதிந்து வைத்திருக்கிறார்கள்! இதை விளக்கி இரண்டு பக்கம் சேர்த்திருக்கிறேன். இனி எங்கள் பேராசிரியர்களே மரியாதையாகப் பார்ப்பார்கள்.

இப்போதாவது கையெழுத்துப் போடுவீர்களா? பதிப்பகத்தில் அவசரப்படுத்துகிறார்கள்.

உங்கள்
பேனா

மார்ச் 9

பேனாவுக்கு,

நீ போன தடவை எழுதியதே தேவலை.

இத்தனை காலம் சுவரோடு குடித்தனம் பண்ணியவன் சொல்கிறேன். ஈரம் என்ன, ரேஷன் கடை வரிசையா, கையகல ஜன்னல் முன்னால் நின்று ஒவ்வொன்றாக வெளியே போக? எங்கள் கடையில் உப்புப் பூப்பதே அந்த இடத்தில்தான். வருஷா வருஷம் அத்தை தேய்த்துக் கழுவிவிடுகிறாள். இதை நீ அச்சில் போட்டால், ஊரில் உள்ள கான்ட்ராக்டர் எல்லாம் என்னைத் தேடி வந்து சிரிப்பான். அதுவும் நியாயமான சிரிப்பாக இருக்கும்.

அதை விடு. கோபம் அதில் இல்லை. நான் காலையில் கண் விழித்ததிலிருந்து லாபம் பார்க்கிறவன். டின் மூடியைக்கூடச் சும்மா தூக்கிப் போடமாட்டேன். என் வாழ்க்கையில் லாபம் பார்க்காமல் விட்டிருக்கிற இடம் அந்தக் கையகலம் ஒன்றுதான். அதற்கும் நீ லாபம் கண்டுபிடித்துக் கொடுக்கிறாய். எங்கள் பெரியவர்கள் விஞ்ஞானிகள் இல்லை, மேஸ்திரிகள். மேலே ஒருவர் வேலை பார்த்துக் கொண்டிருக்கும்போது கீழே நாம் கால் நீட்டிப் படுக்கக் கூடாது என்று நினைத்தார்கள். அதில் என்ன குறைச்சல்? அதற்கு எதற்கு உன் தோழியின் சர்ட்டிபிகேட்? ஒருத்தரைப் பார்த்துச் சிரிப்பது ஒரு விதம். பரவாயில்லை, நீங்களும் எங்களைப் போலத்தான் யோசித்திருக்கிறீர்கள் என்று முதுகில் தட்டுவது இன்னொரு விதம். முதலாவதையாவது பில் போட்டு அனுப்பிவிடலாம்.

உன் புத்தகத்தின் பொருளடக்கத்தை ஒருமுறைக்கு இருமுறை பார்த்தேன். யார் யார் வானமோ இருக்கிறது. உன் வீட்டு வானம் எங்கே? உன் அம்மா இங்கே வந்து தங்கியிருந்தபோது, சமையலறையில் உட்கார்ந்து உன் அப்பா போய்ச் சேர்ந்த இடத்தைப் பற்றி அத்தையிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் உள்ளே போனதும் இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என்னவென்று நான் கேட்கவில்லை, அத்தை சொல்லவும் இல்லை. உனக்குத் தெரிந்திருக்கும்.

அதை எழுது. எங்களை எழுதினாயே, அதே பேனாவால், முதலில் அனுப்பிய அதே வார்த்தைகளில் எழுது. "இன்றும்" என்பதை மறக்காதே. எழுதி, உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டு. அதற்குப் பிறகும் என் கையெழுத்து வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் வெற்றுத்தாளை அனுப்பு. போட்டு அனுப்புகிறேன்.

உன்மேல் கோபம்தான், வெறுப்பு இல்லை. எள்ளுருண்டை கொடுத்தனுப்பவா என்று அத்தை கேட்கிறாள். இந்தக் கடிதத்தோடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மாமா

மார்ச் 30

அன்பு மாமா,

எழுதினேன்.

என் அப்பா ஆஸ்பத்திரியில் திடீரென்று போனார். வார்டுக்குள் செருப்பு கூடாது என்று வெளியே கழற்றிவிட்டுப் போனவர், திரும்பி வரவில்லை. மேல் உலகம் வெயிலில் காயும் மொட்டைமாடி என்று அம்மாவின் குடும்பத்தில் சொல்லிவருவார்கள். அப்பா அங்கே வெறுங்காலோடு நிற்கிறார், தரை சுடுகிறது, ஒரு காலை மாற்றி ஒரு கால் வைத்துக்கொண்டு அம்மாவுக்காகக் காத்திருக்கிறார். அந்தச் செருப்பை அம்மா கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறார். அடிக்கடி எடுத்துத் துடைப்பார். தான் போகும்போது கூடவே வைத்தனுப்ப வேண்டும் என்று என்னிடம் சொல்லிவைத்திருக்கிறார்.

இதை நீங்கள் சொன்னபடியே எழுதினேன். "இந்த எளிய பெண்கள் இன்றும் நம்புகிறார்கள்" என்று தொடங்கினேன். சரளமாக வந்தது மாமா, அதுதான் பயமாக இருந்தது. போனில் அம்மாவுக்குப் படித்தேன்.

அம்மா முழுக்கக் கேட்டார். பிறகு, "நல்லா எழுதியிருக்கம்மா. பாவம், யாரு இந்தப் பொம்பளை?" என்றார்.

நான் போனை வைப்பதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. மறுநாள் காலையில் அவரே கூப்பிட்டார். "ஏம்மா, அந்தச் செருப்பைத் தூக்கிப் போட்டுடட்டுமா? உன் காலேஜ்காரங்க யாராவது வீட்டுக்கு வந்தா உனக்குத்தானே வெக்கம்?"

போடாதே என்று கத்திவிட்டேன். அன்றே ரயிலேறி வீட்டுக்குப் போனேன். இரண்டு வாரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல, என்னவெல்லாம் கேட்காமல் விட்டேன் என்று பார்த்து எழுதினேன். அந்த மொட்டைமாடிதான் இப்போது முதல் அத்தியாயம். இது என் வீடு என்று முதல் வரியிலேயே சொல்லியிருக்கிறேன். உங்கள் அத்தியாயத்தை மறுபடி முதலிலிருந்து எழுதினேன். ஈரம் போய்விட்டது. 'விசித்திர' என்ற சொல்லும் தலைப்பிலிருந்து போய்விட்டது.

ஆய்வாளர் சொந்த வீட்டைப் பற்றி எழுதுவது முறையல்ல என்று துறைத் தலைவர் சொல்கிறார். என் வேலை விஷயம் தள்ளிப்போகும், ஒருவேளை நடக்காமலும் போகும். இருக்கட்டும்.

வெற்றுத்தாள் அனுப்பவில்லை. இரண்டு அத்தியாயங்களை மட்டும் அனுப்புகிறேன். சபையில் படிக்கலாம் என்று தோன்றினால் படியுங்கள். தோன்றாவிட்டால் உங்களுடைய அத்தியாயத்தைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடுகிறேன். என்னால் நீங்கள் சபையில் இன்னொரு பொய் சொல்ல வேண்டாம்.

உங்கள்
பேனா

ஏப்ரல் 12

அன்பு மருமகளே,

ஞாயிற்றுக்கிழமை சபையில் படித்தேன். கூட்டம் நிறைய. முன்பு பொய் சொன்னதையும் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தேன்.

எங்கள் அத்தியாயத்தை முதலில் படித்தேன். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. எங்கள் ஆட்கள் குறை சொல்லவில்லை என்றால் அது கைதட்டலுக்குச் சமம். மின்சாரக் கடைக்காரர் மட்டும், "நான் அவ்வளவு குண்டா?" என்று கேட்டார். "அந்தப் பொண்ணு கொறச்சுத்தான் எழுதியிருக்கு," என்று அவர் சம்சாரமே பதில் சொல்லிவிட்டார்.

பிறகு உன் அம்மாவின் மொட்டைமாடியைப் படித்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. உன் அப்பா சூடு தாங்காமல் காலை மாற்றி மாற்றி நிற்கிறார் என்ற இடம் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது பேனா. அடக்கப் பார்த்தேன், மூக்கு வழியாக வந்தது. சபை முழுக்கக் கேட்டது. அத்தை பார்த்த பார்வையில் எனக்கு உடம்பு கூசியது.

உன்னிடம் எவ்வளவு வீறாப்பாக எழுதினேன்! எங்கள் வானத்தில் சாரம் கட்டி ஆள் நிற்பார், அதில் எனக்கு ஒன்றும் வேடிக்கை இல்லை. உன் வானத்தில் ஒருவர் வெறுங்காலோடு நின்றால் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. வெளியே நிற்கிறவனுக்கு அவ்வளவு சுலபமாக வருகிறது அது. படிப்பே தேவையில்லை.

அப்போது வெள்ளைப் புடவைப் பெரியம்மா எழுந்தார். "சிரிச்சது போதும்ப்பா. அந்த மனுஷன் அங்க சூட்டுல நிக்கிறாரே, நம்மாளு மேலதானே இருக்கார்? கொஞ்சம் தண்ணி தெளிச்சுவிடச் சொன்னா என்ன?"

ஒருவர் ஆட்சேபித்தார்: "நம்ம வழக்கத்துல எதையும் கேக்கறது இல்லையேம்மா."

"நமக்கு வேணும்னு கேக்கலையே!" என்றார் பெரியம்மா.

பேச்சு முடிந்துவிட்டது. நான் தலைவன், என்னை ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. எல்லோரும் எழுந்து, வழக்கம்போல "பார்த்து, வழுக்கும்" என்று சொல்லி, அதோடு உன் அப்பாவுக்காக ஒரு வாக்கியம் சேர்த்துச் சொன்னார்கள். பாட்டன் காலத்திலிருந்து எதுவும் கேட்காத கூட்டம் முதல்முதலாகக் கேட்டது, முகம் தெரியாத வேற்று மதத்து மனிதருக்காக. நான் எத்தனையோ பெரிய ஆர்டர் பிடித்திருக்கிறேன். இவர்களில் ஒருவன் என்பதைவிடப் பெரிதாக எதையும் சம்பாதித்ததில்லை என்று அன்றைக்குத் தோன்றியது. உன் அம்மாவிடம் சொல். இரக்கப்பட்டுச் செய்தோம் என்று சொல்லாதே. ஒரு வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுக்காரருக்குச் செய்வதைச் செய்தோம் என்று சொல்.

சம்மதக் கடிதம் இத்துடன் இருக்கிறது. நிர்வாகிகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பெரியம்மா கட்டைவிரல் வைத்திருக்கிறார். துறைத் தலைவர் ஏதாவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும், நீ குனிந்து நிற்காதே. எங்கள் சபை பொறுப்பேற்ற பெண் நீ.

என் பங்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. நான் சிரித்ததையும் புத்தகத்தில் போட வேண்டும். மூக்கு வழியாக வந்தது உட்பட, ஒன்றையும் மெருகேற்றாமல் போடு. யாரோ ஒரு வியாபாரி என்று மொட்டையாக எழுதாதே. பெயிண்ட் கடை முதலாளி, மூன்று கடைக்காரன், சபைத் தலைவன் என்று விவரமாகவே போடு. படிக்கிறவன் என்னைப் பார்த்து நன்றாகச் சிரிக்கட்டும். சிரித்துக்கொண்டே நம் கடைப் பக்கம் வந்தால், அவனுக்கும் ஒரு டின் விற்றுவிடுகிறேன்.

என்றும் உன்
பெயிண்ட் கடை மாமா