ஜாக்கி போட்டவரின் பெயர்

பெரிய காஞ்சிபுரம்,
ஆனி 5, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் தேவிப்ரியாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சித்தப்பா வீட்டாரும் இங்கே சுகமாகத்தான் இருக்கிறோம், நீயும் அந்த வடக்கு கரோலினாவில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர என் முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, டாக்டர் இனிமேல் குனிந்து டயர் கழற்றக் கூடாது என்கிறார், குனியாமல் டயர் கழற்றுகிற வித்தையை அவர்தான் சொல்லித் தர வேண்டும். அம்மாவுக்கு சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. வெயில் இன்னும் குறையவில்லை, போன மாதம் கருட சேவைக்கு ரோட்டை அடைத்ததிலிருந்தே ஒர்க்‌ஷாப்புக்கு வண்டி வரத்து மந்தம், லாரிக்காரர்கள் எல்லோரும் தாமலைத் தாண்டி நேராகப் போய்விடுகிறார்கள். போனில் பேசினால் போதாதா, இதென்ன கடிதம் என்று நீ கேட்பாய். போனில் நான் ஒன்று சொல்ல ஆரம்பித்தால் உன் பின்னால் யாராவது நட்டு கழற்றுகிற சத்தம் வருகிறது, நீயும் சரிப்பா சரிப்பா என்று முடித்துவிடுகிறாய். நான் சொல்ல வேண்டியது சரிப்பாவில் அடங்காது, அதனால் மூன்று நாளாக உட்கார்ந்து எழுதுகிறேன். சித்தப்பா மகள் ஜோதிகா பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புவாள்.

அச்சுக்குப் போகும் முன் நீ போனில் அனுப்பிய புத்தகத்தை, அதுதான் உன் முதலாளி கிம்ப்ரல் வீட்டார் ரேஸ் கம்பெனியின் அறுபதாம் வருடத்துக்கு நீ எழுதிக் கொடுத்திருக்கிற சரித்திரத்தை, ஜோதிகா நாலு சாயங்காலம் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். நன்றாக எழுதியிருக்கிறாய். பால் லாரி ஓட்டிய ஹோமர் கிம்ப்ரல் பழைய இரும்புக் கடையில் அடிபட்ட செவர்லே ஒன்றை வாங்கி, சீட்டையும் கண்ணாடியையும் பிடுங்கிப் போட்டு, கதவை வெல்டிங் வைத்து மூடி, கோழிக் கொட்டகையில் வைத்தே ரேஸ் வண்டியாக்கினார் என்று கேட்டபோது எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அவர் மனைவி சமையலறைக் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுக்கு எத்தனை நொடி என்று பார்த்ததும், பெரிய மகன் வண்டி ஓட்ட, சின்ன மகன் இன்ஜின் பார்த்ததும், எண்பத்து மூன்றில் பெரியவன் சுவரில் மோதிக் கால் உடைந்து கிடந்தபோது அந்தத் தாய் வண்டியை விற்க விடாமல் கொட்டகைச் சாவியை மடியில் கட்டிக்கொண்டதும் கண்ணில் பார்த்த மாதிரி இருந்தது. முதல் முறை ஜெயிக்க இருபத்தைந்து வருடம் ஆயிற்று என்று படித்ததும் உன் சித்தப்பா, இதுக்கு ஒரு கம்பெனியா என்று சிரித்தான். எனக்கும் ஒன்று புரியவில்லைதான், இடது பக்கமே திரும்பித் திரும்பி ஒரே வட்டத்தில் சுற்றி இருபத்தெட்டாவதாக வந்ததற்கு நீங்கள் எல்லோரும் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம் போட்டிருக்கிறாய். ஆனாலும் ஐந்நூறு பேர் வைத்திருக்கிற கம்பெனிகளோடு இருபத்திரண்டு பேரை வைத்துக்கொண்டு மோதுகிறார்கள், ரேஸ் அன்று காலையில் முதலாளி முதல் துடைக்கிறவர் வரை ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், பெரியவர் ஹோமரின் மனைவி இந்த வயதிலும் உனக்கு ஸ்வெட்டர் பின்னித் தருகிறார். அந்த அம்மாள் நல்லா இருக்கட்டும்.

படங்களைத்தான் நான் அதிகம் பார்த்தேன், இங்கிலீஷ் எனக்கு வராது, வண்டி வரும். பழைய படங்களில் பதினோரு இடத்தில் ஒரு மனிதர் இருக்கிறார். உயரமானவர், கறுத்தவர், வண்டியைத் தூக்குகிற ஜாக்கியைக் கையில் வைத்திருக்கிறார். ஒன்றில் முழு உருவமாக நிற்கிறார், மற்றதில் எல்லாம் ஓரத்தில் பாதி, ஒன்றில் டயர் மேல் வைத்த கை மட்டும். மேசையில் சாப்பிடுகிற படத்தில்கூட அவர் மேசையில் இல்லை, பின்னால் வேனில் சாய்ந்து தட்டோடு நிற்கிறார். படத்துக்குக் கீழே மற்ற எல்லோர் பெயரும் இருக்கிறது, இவர் பெயர் எங்கும் இல்லை. யாரும்மா இது என்று நான் போனில் கேட்டேன். அப்போதுதான் நீ சொன்னாய், லெஸ்டர் என்று பெயர், முப்பத்தோரு வருடம் அந்த வண்டிக்கு ஜாக்கி போட்டவர், இன்னும் உயிரோடு பக்கத்து ஊரில் இருக்கிறார், நீ அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாய், பெரியவர் அதை எடுக்கச் சொல்லிவிட்டார், இது எங்கள் குடும்பத்துப் புத்தகம், அவர் சம்பளத்துக்கு வேலை செய்தவர் என்றார் என்று. நான் மறுபடி கேட்டா அவருக்குக் கோபம் வரும்பா, என் விசா அவங்க கையிலதானே இருக்குது, என்னப்பா பண்ணட்டும் என்று கேட்டாய். நான் உடனே, உனக்கு எதுக்கும்மா அவங்க வீட்டு வம்பு, கம்முனு இரு, பிரிண்டாகி முடியட்டும் என்றேன். நீயும் சரிப்பா என்றாய். அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

நம் ஜனத்தைப் படத்தில் எந்த ஓரத்தில் நிற்க வைப்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. என் அப்பா அறுப்புக்குப் போன வீட்டில் தட்டோடு வெளியே நின்றுதான் சாப்பிட்டார். அது தெரிந்த நானே கம்முனு இரு என்று சொன்னேனே, ஏன் சொன்னேன் என்று யோசித்தபோது எனக்கே அசிங்கமாகப் போயிற்று. உன் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் உன்னைப் பற்றி நாலு வரி இருக்கிறது. இவளுடைய அப்பாவும் சித்தப்பாவும் இந்தியாவில் தங்கள் நான்கு கைகளால் ஒரு லாரி ஒர்க்‌ஷாப்பை உருவாக்கினார்கள் என்று. ஜோதிகா அதைப் பெருமையாகப் படித்தாள். நான்கு கை இல்லையம்மா, ஆறு கை. தொண்ணூற்று நாலில் தாமல் ரோட்டில் கூரை போட்டபோது நானும் சித்தப்பாவும் அர்ஜுனனும் மூன்று பேர். உனக்கு அவனை நினைவிருக்கும், உன்னை டியூபில் உட்கார வைத்து இழுத்துக்கொண்டு போவானே, அவன்தான். எங்களிடம் ஸ்பேனர்தான் இருந்தது, ஜாக்கி அவனுடையது. அந்த ஜாக்கி இல்லாவிட்டால் முதல் லாரியே தூக்கியிருக்க முடியாது. நாலு வருடம் கழித்துக் கட்டடம் கட்டி போர்டு எழுத ஆள் வந்தபோது பரசுராமன் பிரதர்ஸ் என்று எழுதச் சொன்னேன். அர்ஜுனன் பெயர் எப்படி வரும், அவன் நமக்குச் சொந்தமா என்ன என்று சித்தப்பா சொன்னான், எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அர்ஜுனன்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான், ஒன்றும் சொல்லவில்லை. அவன் சொல்லவில்லை என்பதை அவனுக்குச் சம்மதம் என்று நான் வைத்துக்கொண்டேன். இரண்டாயிரத்து நாலில் ஆயுத பூஜை முடிந்து பத்து நாளில் அவன் வேலைக்கு வராமல் நின்றுவிட்டான். சொல்லாமல் கொள்ளாமல் போன நன்றி கெட்டவன் என்று இருபது வருடத்துக்கு மேலாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், உன்னிடமும் சொல்லியிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் விட்டுப்போன அந்த ஜாக்கியை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு தென்னேரிக்குப் போனேன். ஏரிக்கரைப் பக்கம் சின்னதாகப் பங்க்சர் கடை வைத்திருக்கிறான். தலை முழுக்க நரைத்துவிட்டது, என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். அவன் மகள் சுகாசினி வாலாஜாபாத்தில் நர்ஸாக இருக்கிறாள், வாங்க பெரியப்பா என்று சொல்லி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, சின்ன வயதில் உங்கள் இரண்டு பேரையும் பிரிக்கவே முடியாது என்று அம்மா சொல்லுவாளே, அதனால் எனக்கு அது ஒரு மாதிரி இருந்தது. போர்டில் உன் பேரைப் போடாதது என் தப்புதான்பா, அதுக்காகத்தானே போன என்று அர்ஜுனனிடம் கேட்டேன். அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். எனக்கு அதெல்லாம் வருத்தம் இல்லப்பா, நானும் அந்த போர்டக் கவனிக்கவே இல்ல, பாப்பாதான் கேட்டுச்சு என்றான். அந்த ஆயுத பூஜை அன்று நீங்கள் இரண்டு பேரும் கடையில் விளையாடிக்கொண்டிருந்தபோது சுகாசினி இது எங்கப்பா கடை என்றிருக்கிறாள். நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டுபோய் மாலை போட்டிருந்த போர்டுக்குக் கீழே நிறுத்தி, ஒரு குச்சியை நீட்டி எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினாயாம், பாரு, உங்கப்பா பேரு எங்க இருக்குது, உங்கப்பா வேலைக்காரரு என்றாயாம். வீட்டுக்குப் போனதும் அந்தக் குழந்தை, நீ அங்க யாருப்பா என்று கேட்டிருக்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியலப்பா, பதில் தெரியாம எத்தினி நாளைக்கு அங்க வந்துக்கினு இருக்கிறது என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, ரிம்மைத் துடைத்துக்கொண்டே சொன்னான். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

நாளைக்கே ஆளை வைத்து உன் பேரை எழுதிடறேன் என்றேன். போர்டா, இனிமே எதுக்குப்பா, அத்தப் படிக்க வேண்டிய புள்ளைங்க படிச்சிட்டுப் போயிட்டாங்க என்றான். கொண்டுபோன ஜாக்கியை அவன் முன்னால் வைத்தேன். அதை அவன் இரண்டு தரம் அடித்துப் பார்த்துவிட்டு, சீல் போயிருக்குது, வெச்சிட்டுப் போ, மாத்தி வெக்கறேன், அடுத்த வாரம் வந்து எடுத்துக்கோ என்றான். வீட்டுக்கு வந்து சித்தப்பாவிடம் சொன்னேன், செத்துப் போன கதையை எதுக்குண்ணா தோண்டற என்று கத்தினான், இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மா மட்டும், அப்பவே எனக்குத் தோணுச்சு, நீங்க எங்க கேக்கறீங்க என்றாள்.

இதை உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லையம்மா. உனக்கு அப்போது எட்டு வயது, அதைச் சொன்னதுகூட உனக்கு நினைவிருக்காது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற குழந்தை எழுதியிருந்ததைப் படித்தாய், அவ்வளவுதான். எழுதச் சொன்னவன் நான், தப்பு என்னுடையது. ஆனால் இப்போது எழுதுகிறவள் நீ. லெஸ்டருக்குப் பேரப் பிள்ளைகள் இருப்பார்கள், அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கிம்ப்ரல் வீட்டுக் குழந்தைகளோடுதான் படிப்பார்கள், யாராவது ஒரு குழந்தை அந்தப் புத்தகத்தைத் திறந்து, உங்க தாத்தா பேரு எங்க இருக்குது என்று கேட்கும். உங்கள் புத்தகம் இன்னும் பிரிண்டாகவில்லை. அடுத்த மாதம் மூன்றாம் தேதி என்றுதானே சொன்னாய்.

அதனால் நான் சொல்லுவது இதுதான். பெரியவரிடம் சண்டை போடாதே, முதலில் அந்த அம்மாளிடம் போய்ப் பேசு. முப்பத்தோரு வருடம் லெஸ்டருக்கும் சேர்த்துத்தானே சமைத்தார், அவர் எங்கே நின்று சாப்பிட்டார் என்று அந்த அம்மாளுக்குத் தெரியும். பிறகு பெரியவரிடம் நேராக, மரியாதையாக, ஒரே ஒரு முறை கேள், ஒரு பக்கம் வேண்டாம், படத்துக்குக் கீழே பெயர் மட்டும் போதும் என்று கேள். முடியாது என்றால் எழுதியது தேவிப்ரியா என்கிற வரியை எடுத்துவிடச் சொல். அதற்காக வேலை போனால் போகட்டும். எனக்குப் பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன், உன் படிப்புக்கும் விசாவுக்கும் நாம் பட்ட பாடு எனக்குத் தெரியாதா. ஆனாலும் வேலை போய் நீ வீட்டுக்கு வந்தால் உனக்குச் சோறு போட என்னால் முடியும். இன்னொரு இருபது வருடம் கழித்து நீ ஒரு ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு யார் வீட்டுக் கடையிலும் போய் உட்கார வேண்டாம்.

உன் கடைசிப் பக்கத்தில் இருக்கிற நாலு வரியையும் திருத்திவிடு. சுகாசினியின் நம்பரை ஜோதிகா தனியாக அனுப்புவாள், பேசு என்றும் நான் சொல்லவில்லை, பேசாதே என்றும் சொல்லவில்லை. குளிர்காலம் வந்தால் தலைக்குக் குல்லா இல்லாமல் நிற்காதே, ரேஸ் அன்று காதில் பஞ்சு வைத்துக்கொள். அம்மா உன் பேருக்குக் காமாட்சி அம்மனிடம் அர்ச்சனை செய்து குங்குமம் எடுத்து வைத்திருக்கிறாள். எந்த ஊரில் இருந்தாலும் நீ தலை நிமிர்ந்து, நோய்நொடி இல்லாமல், நல்லவர்கள் நடுவில் இருக்க வேண்டும், இதற்கு மேல் எங்களுக்கு ஒரு வேண்டுதலும் இல்லை.

ஆசீர்வாதத்துடன்,
உன் அப்பா
பரசுராமன்

ஒன்று மறந்துவிட்டேன். லெஸ்டரின் முழுப் பெயரை வேறு யாரிடமும் கேட்காதே, நீயே போய் அவரிடம் கேட்டு, எழுதியதை அவருக்கே காட்டி, சரிதானா என்று பார்த்துக்கொள். நம்முடையவனுக்கு இனிஷியல் மு. பத்து வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோம், ஞாயிற்றுக்கிழமை கேட்டுத்தான் எனக்கே தெரிந்தது. மு. அர்ஜுனன் என்று போடு.