இலவச தீம் வேண்டாம் என்றேன்

நவ. 6, வியாழன்

காலையிலிருந்து தூறல். நெத்திலி காயவில்லை. மாடிக்கு ஏற்றி இறக்கி முட்டி வலி.

மருமகள் ஸ்டெல்லாவின் மீன் ஊறுகாய்க்கு இன்டர்நெட்டில் பக்கம் போடுகிறார்கள். மாதவரத்துக் கடை முதலாளி அடுத்த வெள்ளி அதைப் பார்த்துவிட்டுத்தான் ஆர்டர் தருவாராம். பேத்தி ஜெனி கம்ப்யூட்டரில் காட்டினாள். பக்கத்தின் தோற்றத்துக்குப் பெயர் தீம். மூன்று வகை. இலவசம்: யாரும் எடுக்கலாம், இன்றே போடலாம். பிரீமியம்: காசு கொடுத்து வாங்குவது, ரெடிமேட் சட்டை மாதிரி. கஸ்டம்: நமக்கென்றே அளவெடுத்துத் தைப்பது.

"ஆயா, ஃப்ரீயே சூப்பரா கீது பாரேன்."

"ஓசியா? கிறிஸ்மஸுக்குக் கோயில்ல குடுக்குற பாவாடை மாரி, ஊரே ஒரே துணில சுத்தணுமா? பக்கத்துக்கு அடியில வேற, செஞ்சவன் எவன் பேரோ போட்டுகீது!"

அந்தப் பாவாடை நான் கட்டியது. ஐந்தாம் வகுப்பு வரைக்கும். இவர்களுக்குத் தெரியாது.

ஸ்டெல்லா இலவசப் பக்கத்தை மூடினாள். பிறகு, "அத்த சொல்றாப்லயே தனியா செஞ்சிக்கலாம்."

நவ. 10, திங்கள்

மழை. தனியாகப் பக்கம் செய்து தருவதாகச் சொன்ன ஆள் ஃபோன் எடுப்பதில்லை. நான் குழாயடியில், "எங்களுக்குன்னே தனியா செய்றாங்கோ" என்று பீற்றிவிட்டு வந்தேன். ஏன் சொன்னேனோ.

வாங்க: மி.தூள், நல்லெண்ணெய், மெழுகுவத்தி.

நவ. 14, வெள்ளி

முதலாளி பார்த்தாராம். பக்கத்தில் 'விரைவில்' என்று ஒரே வார்த்தை. ஆர்டர், கல்மண்டபத்தில் ஊறுகாய் போடுகிற கற்பகத்துக்குப் போய்விட்டது. அவளுடையது இலவச தீம். ஜெனி காட்டினாள். லட்சணமாகத்தான் இருக்கிறது. அடியில் இருக்கிற பேரைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

மகன் வேலை விட்டு வந்து ஒரே கத்தல். "கஸ்டம் இன்னா கஸ்டம்? எவ குடுத்த ஐடியா இது?"

நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன்.

"நாந்தான்யா ஆசப்பட்டேன். வுடு," என்றாள் ஸ்டெல்லா. என் பக்கம் திரும்பவே இல்லை.

ஜெனி என்னையே பார்த்தாள். உரித்த பூண்டையே மறுபடி உரித்தேன்.

நவ. 15, சனி

நல்ல வெயில். நெத்திலி மாடியில். அம்மாவும் மகளும் இலவச தீமைப் போட்டு முடித்துவிட்டார்கள். "அத்த, வந்து பாரேன்." கண் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

மகனிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று காபியோடு போனேன்.

"இன்னாம்மா?"

சர்க்கரை போதுமா என்று கேட்டேன்.